களக்காட்டு வாழைக்காட்டுல லோரா அளவீடு: கம்பெனியோட கையெழுத்துப் போடுறதுக்கு முன்னால என்ன பாக்கணும்?

பொருநைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

பாளைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி, இசிஇ துறை. நீர்மட்டக் கருவி செய்யுற கம்பெனி ஒண்ணு, லோராவுல (குறைஞ்ச மின்சாரத்துல நெடுந்தூரம் சின்னத் தகவல் அனுப்புற ரேடியோ முறை) பேசுற 30 நோடும் (களத்துல வைக்கிற சென்சார் பெட்டி) 2 கேட்வேயும் (அதுங்க அனுப்புறதை வாங்குற நிலையம்) 12 மாசத்துக்குத் தாறோம்னு சொல்லுது. சேரன்மகாதேவி பக்கம் கன்னடியன் கால்வாய்க் கரையிலயும், களக்காட்டு வாழைத் தோட்டங்கள்லயும் வச்சு 866 மெகாஹெர்ட்ஸ் சிக்னல் எப்படிப் போகுதுன்னு அளந்து கொடுக்கணும். மூணாம் வருசப் பிள்ளைங்க ஆறு பேர் வேலை செய்வாங்க. நாலு பக்கத்துல புரிந்துணர்வு ஒப்பந்தம் ஒண்ணு அனுப்பியிருக்காங்க. "கூட்டு ஆராய்ச்சி, அறிவுப் பரிமாற்றம், திறன் மேம்பாடு"ன்னு இருக்கு, வேற ஒண்ணும் பிடிபடல. இதுல எதைத் திருத்தச் சொல்லணும்? அளவீட்டுலயும் எங்க வழுக்கும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தேரிமணல்

தம்பி, அந்த நாலு பக்கத்தை மடிச்சு வச்சுட்டு வெள்ளைத்தாள் ஒண்ணு எடுங்க. அதுல ஒரே ஒரு கேள்வி எழுதுங்க. "வாழைக்காட்டுல லோரா எப்படி வேலை செய்யும்" அப்படின்னா அது கேள்வியில்ல, தலைப்பு. "கேட்வே ஆன்டெனா 15 மீட்டர்ல, நோடு 1.5 மீட்டர்ல இருந்தா, எஸ்எஃப்7-ல நூத்துக்கு 95 பாக்கெட் வந்துசேர எத்தனை மீட்டருக்கு ஒரு நோடு வைக்கலாம்? அது கார் பருவத்துலயும் பிசானத்துலயும் எவ்வளவு மாறுது?" இதுதான் கேள்வி. (எஸ்எஃப்ங்கிறது லோராவோட வேகப்படி: 7 வேகமானது, 12 மெதுவானது, ஆனா தூரம் போகும். பாக்கெட்டுன்னா ஒரு தடவை அனுப்புற தகவல் துண்டு. கார், பிசானம் ரெண்டும் நம்ம பக்கத்து நெல் பருவம்.) விடை எண்ணா வரும். வந்துச்சா வரலையான்னு ரெண்டு தரப்பும் சண்டையில்லாமச் சொல்லிரலாம்.

கல்லூரி–கம்பெனிக் கூட்டு முக்காவாசி படுத்துப்போறதுக்குக் காரணம் இந்தத் தாள் இல்லாததுதான். கம்பெனிக்கு வேண்டியது தன் விற்பனைத் தாள்ல போட ஒரு தூரம். ஆசிரியருக்கு வேண்டியது ஒரு பேப்பர். பையனுக்கு வேண்டியது புராஜெக்ட் மார்க்கு. மூணும் ஒரே அளவீட்டுல கிடைக்கும், ஆனா கேள்வி முதல்லயே எழுதியிருந்தாத்தான்.

இன்னொண்ணு: நீங்க குனிஞ்சு போய்க் கேக்க வேண்டியதில்ல. கருவி அவங்ககிட்ட இருக்கு, மண்ணு உங்ககிட்ட இருக்கு. மூணு மீட்டர் உசர ஏத்தன் வாழை, நனைஞ்ச இலை, குலை தள்ளினப்புறம் முட்டுக் கொடுத்த கம்பு, நடுவுல நாலு தென்னை, பக்கத்துல தண்ணி நிக்குற வயல். இதை எந்த ஊர் ஆய்வுக்கூடத்துலயும் செஞ்சு காட்ட முடியாது. வருசம் முழுக்கப் போய்ப் பாத்துட்டு வர ஆளும் உங்ககிட்டதான் இருக்கு. பேரத்துல இதைச் சொல்லுங்க.

கடனாநதி

ஒப்பந்தப் பக்கம் நான் சொல்லுதேன்.

புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டோ எடுக்கத்தான் லாயக்கு. பொதுவா அது யாரையும் கட்டாது. அதுக்குக் கீழ வேலை ஒப்பந்தம்னு தனியா ஒண்ணு வேணும். தேரிமணல் அண்ணாச்சி சொன்ன தாளை அதுக்கு முதல் இணைப்பா வச்சுக்கிடுங்க.

காப்புரிமைப் பத்தியை நல்லா வாசிங்க. "உருவாகும் உரிமை இரு தரப்புக்கும் சமம்"னு எழுதியிருந்தா நியாயமாத் தெரியும். ஆனா இந்தியக் காப்புரிமைச் சட்டம் 50-ஆவது பிரிவுப்படி, கூட்டு உரிமையாளர் ஒவ்வொருத்தரும் தன் லாபத்துக்கு அதைப் பயன்படுத்திக்கிடலாம், மத்தவருக்குக் கணக்குச் சொல்ல வேண்டாம். ஆனா மத்தவர் சம்மதம் இல்லாம வேற யாருக்கும் உரிமம் கொடுக்க முடியாது, தன் பங்கை விக்கவும் முடியாது. இப்ப யோசிங்க. கம்பெனிக்குத் தொழிற்சாலை இருக்கு, செஞ்சு வித்துக்கிடும். கல்லூரிக்கு என்ன இருக்கு? உரிமம் கொடுத்தாத்தான் காசு, அதுக்கும் கம்பெனி தலையசைக்கணும். சமம்ங்கிற சொல்லு ஒரு பக்கமாச் சாஞ்சிரும். அதனால ஒண்ணு, கம்பெனி விக்கிற ஒவ்வொரு கருவிக்கும் இவ்வளவுன்னு எழுதி வாங்குங்க. இல்ல, உரிமையை அவங்களுக்கே விட்டுட்டு, பாடம் நடத்தவும் மேற்கொண்டு ஆராயவும் எங்களுக்கு நிரந்தர அனுமதின்னு வாங்கிக்கிடுங்க. உங்க வேலைக்கு ரெண்டாவதே போதும்.

எதுக்கும் 3(கே) பிரிவையும் நினைவுல வைங்க. கணினி நிரல் தனியா, அல்கோரிதம் தனியா காப்புரிமைக்கு ஆகாது. நோடு எப்ப எந்த எஸ்எஃப்புக்கு மாறணும்ங்கிற கணக்கை மட்டும் கொண்டுபோனா தள்ளிருவாங்க. கருவியோட சேந்த தொழில்நுட்ப விளைவாக் காட்டணும். கல்லூரி விண்ணப்பிச்சா 2021 திருத்தத்துக்கு அப்புறம் கட்டணத்துல 80 சதவீதம் குறையும், படிவம் 28 வைக்கணும்.

பேப்பர்: "கம்பெனியின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் வெளியிடக் கூடாது"ன்னு இருந்தா அப்படியே அடிச்சிருங்க. அதுக்குப் பதிலா, வரைவைக் காட்டுவோம், 30 நாள்ல பதில் சொல்லணும், காப்புரிமை கேக்கணும்னா இன்னொரு 60 நாள், அதுக்கு மேல மௌனம் சம்மதம். தற்காலிக விண்ணப்பம் போட்டுட்டா முழு விவரம் கொடுக்க 12 மாசம் இருக்கு, அதனால யாரும் அவசரப்பட வேண்டாம். பேப்பர் முதல்ல வந்துட்டா புதுமை போச்சுன்னு தள்ளிருவாங்க, அந்த வரிசை மட்டும் மாறக் கூடாது.

வரி: "ஆலோசனைப் பணி"ன்னு பில் போட்டா 18 சதவீதம் ஜிஎஸ்டி. பட்ஜெட்டுல அதைச் சேக்காம விட்டுட்டு, கம்பெனி கொடுத்த தொகைக்குள்ளேருந்து கட்டி, கடைசியில பிள்ளைங்க பஸ்காசுல வந்து நிக்கிறதுதான் வழக்கம். ஆராய்ச்சி மானியத்துக்கு 2024 அக்டோபர்லேருந்து விலக்கு இருக்கு, ஆனா தனியார் கல்லூரின்னா 1961 வருமான வரிச் சட்டம் 35-ஆவது பிரிவுல அறிவிக்கப்பட்டிருக்கணும். உங்க கணக்கரை இப்பவே கேட்டுருங்க.

பொருநைக்கரை

ரொம்ப நன்றி. கருவி அவங்களுது, இரவல்தான். உடைஞ்சா?

கடனாநதி

ஒவ்வொரு நோடுக்கும் வரிசை எண், விலை, ஒப்படைச்ச நாள் எழுதி இணைப்பு ரெண்டா வைங்க. "இயல்பான தேய்மானம், மின்னல், வெள்ளம், விலங்கு, திருட்டு: கல்லூரி பொறுப்பல்ல, கவனக்குறைவு: பொறுப்பு". 30-ல மூணு நாலு போகும்னு முன்கூட்டியே ஒத்துக்கிட்டு, உதிரியா 4 நோடு சேத்து வாங்கிருங்க. 12 மாசம் முடிஞ்சப்புறம் கருவி ஆய்வுக்கூடத்துக்கே தங்கணும்னு கேட்டுப் பாருங்க. பழைய கருவியைத் திரும்பக் கொண்டுபோற லாரி வாடகை அவங்களுக்கும் நட்டந்தான்.

பிள்ளைங்ககிட்டத் தனித்தனியா ரகசியக் காப்புப் பத்திரம் கேப்பாங்க. புராஜெக்ட் வைவாவுக்கு வெளியாள் தேர்வாளர் வருவார், அறிக்கை நூலகத்துக்குப் போகும். அந்த ரெண்டுக்கும் விலக்கு இல்லாத பத்திரத்துல பையனைக் கையெழுத்துப் போட விடாதீங்க.

வாய்க்கா_மேடு

சட்டமெல்லாம் சரி. கால்வாய்க் கரையில கம்பு நட நீர்வளத்துறைகிட்ட எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கணும், மதகுக்காரர்கிட்ட வாயால சொன்னா பத்தாது. களக்காடு மேக்கால போகப்போக களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகம். எல்லைக்கு உள்ள ஒரு பெட்டி வைக்கணும்னாலும் வனத்துறை அனுமதி வேணும், அதுக்கு மாசக்கணக்குல ஆகும். பட்டா நிலத்துக்குள்ளயே வச்சுக்கிட்டா வேலை ஓடும்.

நீர்மட்டத்துக்கு அல்ட்ராசோனிக் சென்சார்தான வச்சிருப்பாங்க? ரெண்டு விசயம். அமலைச்செடி (ஆகாயத்தாமரை) மிதந்து வந்து சென்சாருக்கு அடியில நின்னா, தண்ணி ஏறிட்டுன்னு காட்டும். சுத்தி ஒரு துளைபோட்ட பிவிசி குழாய், 6 அங்குலம், அடிவரைக்கும் இறக்கினா செடி உள்ள வராது. ஆனா குழாய்க்குள்ள சிலந்தி வலை கட்டும், அதுவும் எதிரொலிக்கும். மாசம் ஒருதடவை கம்புல துணி சுத்தி உள்ள விட்டு எடுக்கணும். ரெண்டாவது வெக்கை. ஒலி வேகம் ஒரு டிகிரிக்கு நொடிக்கு 0.6 மீட்டர் ஏறும். காலையிலயும் மதியமும் 10 டிகிரி வித்தியாசம்னா, ரெண்டு மீட்டர் தூரத்துல மூணரை சென்டிமீட்டர் பிழை. வெப்பநிலை திருத்தம் இல்லாத மலிவு சென்சார் வச்சா, தண்ணி நின்ன எடத்துலயே நிக்கும், கிராப் மட்டும் தினம் மதியம் ஏறி இறங்கும்.

தேரிமணல்

அது சென்சார் கதை. இனி ரேடியோ.

முதல்ல சட்டத்துக்குள்ள நிக்கணும். 865–867 மெகாஹெர்ட்ஸ் 2005-லயே உரிமம் வேண்டாம்னு திறந்தது, 2021-ல 868 வரைக்கும் நீட்டினாங்க. 1 வாட் அனுப்பு சக்தி, 4 வாட் கதிர்வீச்சு சக்தி, 200 கிலோஹெர்ட்ஸ் அகலம். அதனால லோராவுல 125 கிலோஹெர்ட்ஸ் சரி, 250 போடக் கூடாது. பழைய எடுத்துக்காட்டு நிரலை அப்படியே ஏத்துனா 868.1-லயோ 915-லயோ பேச ஆரம்பிச்சிரும். இந்தியச் சேனல் மூணு: 865.0625, 865.4025, 865.985. கருவிக்கு வகை ஒப்புதல் சான்று இருக்கான்னு கம்பெனிகிட்ட நகல் வாங்கிக்கிடுங்க.

இப்ப கணக்கு. 5 கிலோமீட்டர், வெட்டவெளி இழப்பு 105 டெசிபல். நோடு அனுப்புறது 14 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டை வச்சு டெசிபல்ல சொல்லுற சக்தி அளவு), அதோட ஆன்டெனா 2, கேட்வே ஆன்டெனா 6, கேபிள் இழப்பு 1.3. கேட்வேக்கு வந்து சேர்றது சுமாரா மைனஸ் 84. எஸ்எஃப்7-க்கு மைனஸ் 124 வரைக்கும் தாங்கும். மிச்சம் 40 டெசிபல். "40 இருக்கே, என்ன பயம்"னு தோணும். அந்த நாப்பதைத்தான் வாழைக்காடு தின்னும்.

ஏன்னா ஃப்ரெனல் வளையம், அதாவது நேர்கோட்டைச் சுத்தி ரேடியோ அலைக்கு வேண்டிய வெறும் எடம். 866-ல 5 கிலோமீட்டருக்கு நடுவுல முதல் வளையத்தோட ஆரம் 21 மீட்டர். அதுல அறுபது சதவீதம், அதாவது 12.5 மீட்டர் வெறிச்சுக் கிடக்கணும். உங்க கேட்வே 15, நோடு 1.5, நடுவுல கோடு போற உசரம் 8 மீட்டர், கீழ வாழை 3 மீட்டர். மிச்சம் 5 தான். கண்ணுக்குக் கேட்வே தெரியும், ரேடியோவுக்குப் பாதை அடைச்சுத்தான் இருக்கும். கம்பெனி ஆளு "லைன் ஆஃப் சைட் இருக்கே"ன்னா இந்தக் கணக்கைக் காட்டுங்க.

கேபிள்ல மிச்சம் பிடிக்காதீங்க. ஆர்ஜி58 பத்து மீட்டர் போட்டா 5 டெசிபல் அதுலயே போச்சு. எல்எம்ஆர்400 போட்டா 1.3. இன்னும் நல்லது, கேட்வேயையே கம்பத்து உச்சியில கட்டி, கீழேருந்து ஈதர்நெட் வழியா மின்சாரம் ஏத்துறது. இணைப்புல தன்னாலே ஒட்டுற ரப்பர் டேப், அதுக்கு மேல கறுப்பு டேப். ஐப்பசி மழையில கனெக்டருக்குள்ள தண்ணி போனா இழப்பு மெதுவா ஏறும், பையன் அதை "பருவமழை விளைவு"ன்னு அறிக்கையில எழுதிருவான்.

நெட்வொர்க்_நெல்லை

எல்லாரும் லோராவுலயே நிக்குறீங்க. இன்னைக்குக் கம்பெனிக்காரன் வேலைக்கு எடுக்கிறது 5ஜி தெரிஞ்ச பிள்ளையை. 2023 அக்டோபர்ல நாடு முழுக்க 100 கல்வி நிறுவனத்துக்கு 5ஜி பயன்பாட்டு ஆய்வுக்கூடம் கொடுத்தாங்க. ஓப்பன்ஏர்இன்டர்ஃபேஸ், எஸ்ஆர்எஸ்ரான்னு 5ஜி நெட்வொர்க் ஓட்டுற மென்பொருள் எல்லாம் இலவசம். பி210ன்னு ஒரு எஸ்டிஆர் (மென்பொருளால ஓட்டுற ரேடியோ பெட்டி) வாங்கினா ஆய்வுக்கூடத்துலயே பேஸ் ஸ்டேஷன் ஓட்டிரலாம். இந்த 30 பெட்டியை வாழைக்காட்டுல நட்டு என்ன ஆகப்போகுது?

தேரிமணல்

ஓட்டலாம், யாரு வேண்டாம்னா. ஆனா காத்துல விடக் கூடாது. 3.5 கிகாஹெர்ட்ஸ் ஏலத்துல எடுத்தவங்க சொத்து. வெளிய ஒலிபரப்பணும்னா தொலைத்தொடர்புத் துறையோட வயர்லெஸ் பிரிவுல சரல் சஞ்சார் தளம் வழியா சோதனை உரிமம் கேக்கணும். அதுவரைக்கும் கேபிள்லயே ஓட்டுங்க, நடுவுல அட்டெனுவேட்டர் (சிக்னலைக் குறைக்கிற துண்டு) வச்சு. பி210 அனுப்புறது 10 டிபிஎம்முக்கு மேல, வாங்குற வாய் தாங்குறது மைனஸ் 15 தான். நேராச் செருகினா போச்சு, அன்னைக்கே புராஜெக்ட் முடிஞ்சிரும். குறைஞ்சது 40 டெசிபல் நடுவுல இருக்கணும். இன்னொண்ணு, அதோட சொந்தக் கடிகாரம் ரெண்டு பிபிஎம் (பத்து லட்சத்துல ரெண்டு பங்கு) வரைக்கும் விலகும், 3.5 கிகாஹெர்ட்ஸ்ல அது 7 கிலோஹெர்ட்ஸ். போன் செல்லைப் பாக்கும், ஒட்டாது. பிள்ளைங்க ஒரு வாரம் சிம்மை மாத்தி மாத்திப் போடும். வெளியிலேருந்து 10 மெகாஹெர்ட்ஸ் ஜிபிஎஸ் கடிகாரம் கொடுத்தாச் சரியாயிரும்.

வாழைக்காடு எதுக்குன்னா, 5ஜி பேசுறவங்களும் கடைசியில இதே கேள்விக்குத்தான் வருவாங்க. டிஎஸ்டிஎஸ்ஐ (இந்தியத் தொலைத்தொடர்புத் தர அமைப்பு) கொண்டுபோன 5ஜிஐங்கிற இந்திய 5ஜி தரம் எதுக்கு வந்துச்சு? கிராமத்துல பெரிய செல், மெதுவா நகர்ற ஆளு, செல் விளிம்புல சிக்னல் போதல. அதுக்காக ஐஐடி ஹைதராபாத், ஐஐடி மெட்ராஸ் ஆளுங்க வேலை செஞ்சு, அப்புறம் உலகச் செல்போன் தரம் எழுதுற 3ஜிபிபியோட 17-ஆவது வெளியீட்டுல சேத்தாங்க. கிராமத்துத் தூரம் எவ்வளவுங்கிற அளவீடு கையில இருக்குறவன் பேச்சுக்கு அங்க எடை உண்டு.

கடனாநதி

நெட்வொர்க் தம்பி சொல்லுறதுலயும் ஒரு பாதி சரி. பெரிய பணம் 5ஜி, 6ஜி பக்கந்தான் இருக்கு. 5ஜி சோதனைத்தளத்துக்கு 224 கோடி, எட்டு நிறுவனம் சேந்து, 2022 மே மாசம் திறந்தாங்க. அங்க போய்ச் சோதிச்சுக்கிட வழி இருக்கு, நம்ம கல்லூரியே எல்லாத்தையும் வாங்க வேண்டாம். கிராமத்துத் தொலைத்தொடர்புக்குன்னு தொழில்நுட்ப வளர்ச்சி நிதி 2022 அக்டோபர்ல தொடங்குச்சு, கல்லூரியும் கம்பெனியும் சேந்து விண்ணப்பிக்கலாம். கையில ஒரு வருச அளவீடு இருந்தா அந்த விண்ணப்பம் நிக்கும். வெறும் புரிந்துணர்வு ஒப்பந்த நகலை வச்சா நிக்காது.

நம்ம பக்கத்துலயே நல்ல முன்மாதிரி இருக்கு. ஐஐடி மெட்ராஸ் டெனெட் குழு, மைடாஸ், அனலாக் டிவைசஸ் மூணும் சேந்து கார்டெக்ட்ங்கிற கம்பியில்லாத் தொலைபேசி முறையைச் செஞ்சாங்க. ஒருத்தர் ஆராய்ச்சி, ஒருத்தர் பொருள், ஒருத்தர் சிப்பு. மதுரை மேலூர் வட்டாரத்துக் கிராமங்கள்ல 2001 வாக்குல அதை வச்சு இன்டர்நெட் கொடுத்தாங்க, 35, 70 கிலோபிட்ல. செல்போன் மலிவாக அந்தச் சந்தை சுருங்கிட்டு, ஆனா அந்த மூணு பங்குப் பிரிவினை இன்னைக்கும் பாடந்தான். யாரு என்ன செய்யணும்ங்கிறதுல அங்க குழப்பமே இல்ல.

தேரிமணல்

தேனி அரவிந்த் கண் மருத்துவமனையையும் சேத்துக்கிடுங்க. பெர்க்லி பல்கலைக்கழகமும் இன்டெல்லும் சேந்து கிராமத்துக் கண் மையங்களை நெடுந்தூர வைஃபைல இணைச்ச வேலை. ஆன்டெனா பெருசா வச்சும் வேகம் வரல. காரணம் சிக்னல் இல்ல. வைஃபை ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் வந்துசேந்துச்சுங்கிற பதிலுக்கு (ஒப்புகை) காத்திருக்கும். தூரம் கூடினா ஒப்புகை வர்றதுக்குள்ள பொறுமை போய், திரும்ப அனுப்பும். ரெண்டு முனையும் ஒருத்தர் பேசுறது இன்னொருத்தருக்குக் கேக்குறதுக்கு முன்னால பேசிரும், மோதும். முறை வச்சுப் பேச வச்சாங்க, ஒப்புகையைக் கட்டுக் கட்டா அனுப்பினாங்க, சரியாச்சு. 2007-ல பேப்பரா வந்துச்சு. களத்துல நட்டதாலதான் கோளாறு எதுன்னு தெரிஞ்சுச்சு.

உங்களுக்கும் அதே மாதிரி ஒரு மோதல் காத்திருக்கு. 20 பைட் தகவல் எஸ்எஃப்7-ல 72 மில்லிநொடி, எஸ்எஃப்12-ல 1.8 நொடி காத்துல இருக்கும். 30 நோடும் பத்து நிமிசத்துக்கு ஒருதடவை, எஸ்எஃப்12, ஒரே சேனல்னு வைங்க: நூத்துக்குப் பதினாறு பாக்கெட் ஒண்ணோட ஒண்ணு முட்டியே சாகும். மூணு சேனல்லயும் பிரிச்சா ஆறாக் குறையும். இந்த இழப்பை வாழை இலை தலையில கட்டிராதீங்க. நோடு எல்லாம் ஒரே நேரத்துல முழிக்காம, ஒவ்வொண்ணுக்கும் சில நொடி தற்செயலாத் தள்ளிப் போடணும்.

சுழலி

வள்ளியூர், பணகுடி, ராதாபுரம் பக்கமும் நாலு நோடு வைக்கிறதா இருந்தா ஒரு சேதி. காத்தாலை இறக்கை பாதையை வெட்டும். மூணு இறக்கை, நிமிசத்துக்கு 15 சுத்துன்னா நொடிக்கு முக்கால் வெட்டு. நொடிக்கு ஒரு அளவு எடுத்தீங்கன்னா அந்த ஆட்டம், நிஜத்துல இல்லாத வேற ஒரு மெதுவான ஆட்டமா மாறித் தெரியும். நொடிக்குப் பத்தாவது எடுங்க. அதை எஸ்எஃப்12-ல பிடிக்கவே முடியாது, தொடர் அலை அனுப்பி ஒரு மலிவு எஸ்டிஆர்ல வாங்கிப் பதியணும். ஆனிலேருந்து ஆவணி வரைக்கும் காத்துக்காலம், அப்பத்தான் ஆலை முழு வேகத்துல சுத்தும்.

பொருநைக்கரை

இப்பதான் தெளியுது. பருவத்துக்கும் செமஸ்டருக்கும் எப்படி முடிச்சுப் போடுறது? கார்த்திகைல பிள்ளைங்களுக்குப் பரீட்சை, நல்ல மழையும் அப்பத்தான்.

வாய்க்கா_மேடு

வைகாசிக்குள்ள நட்டு முடிச்சிருங்க. கார் தண்ணி விட்டப்புறம் வரப்புல நடமாட முடியாது. கருக்கல்ல ஏணி தூக்கிட்டு வயலுக்குள்ள போற வேலையே வரக் கூடாது. ஐப்பசி, கார்த்திகைல நோடு தானா ஓடணும், அதுக்குத் தக்க பேட்டரி. பெட்டி வெயில்ல கொதிக்கும், சாதா லித்தியம் அயன் செல்லை 45 டிகிரிக்கு மேல சார்ஜ் பண்ணக் கூடாது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் போடச் சொல்லுங்க, பெட்டிக்கு மேல தகரக் கூரை ஒண்ணு இடைவெளி விட்டு. கேபிள் நுழையுற ஓட்டை பெட்டியோட அடியில இருக்கணும், கேபிள் ஒரு வளைவு தொங்கி ஏறணும், மழைத்தண்ணி அந்த வளைவுலயே சொட்டிரும். ஓட்டையைச் சிலிக்கோன் பசை வச்சு அடைங்க, எறும்பு ஏறும். களக்காட்டுல குரங்கு வேற, ஆன்டெனாவைப் பிடிச்சு ஆட்டும், கொடியாட்டம் வளையுற வகை போடுங்க. பக்கத்துத் தோட்டக்காரர்கிட்ட இது என்ன பெட்டின்னு நேர்ல போய்ச் சொல்லிருங்க. பெட்டியில தமிழ்ல எழுதி ஒட்டுங்க. திருட்டுல பாதி, இது என்னன்னு தெரியாததால வர்றது.

தேரிமணல்

தரவு பத்தி மூணு விசயம், அப்புறம் நான் வேலையைப் பாக்கப் போறேன்.

வந்த பாக்கெட்டோட ஆர்எஸ்எஸ்ஐயை (வாங்குன சிக்னலோட பலம்) மட்டும் சராசரி எடுக்காதீங்க. வராத பாக்கெட்டுதான் பலவீனமானது, அது கணக்குலயே இருக்காது. தூரம் போகப்போக இழப்பு ஒரு எடத்துல நின்னுட்ட மாதிரி அழகா ஒரு கோடு வரும். பொய்க் கோடு. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் வரிசை எண் போட்டு, வராததையும் "மைனஸ் 124-க்குக் கீழ"ன்னு பதிஞ்சு, அதுக்குத் தக்க முறையில கோடு பொருத்துங்க.

லோரா சிப்பு எஸ்எக்ஸ்1276-ஆ இருந்தா, ஆர்எஸ்எஸ்ஐ கிடைக்க அதோட பதிவேட்டு எண்ணுலேருந்து 157 கழிக்கணும். 164 கழிக்கிறது கீழ் அலைவரிசைக்கு உள்ளது. தப்பான நூலகத்தை எடுத்தா எல்லா அளவும் 7 டெசிபல் தள்ளிப்போகும், யாருக்கும் சந்தேகமே வராது. எஸ்என்ஆர் (சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம்) சுழியத்துக்குக் கீழ போனா அதையும் கூட்டணும். நட்டுறதுக்கு முன்னால 30 நோடையும் ஒரே மேசையில, ஒரே அட்டெனுவேட்டர், ஒரே கேபிள்ல போட்டு, யாரு எவ்வளவு தள்ளிக் காட்டுறான்னு ஒரு பட்டியல் எடுங்க. 12 மாசம் கழிச்சு, உசிரோட திரும்பி வந்ததை அதே மேசையில திரும்பப் போடுங்க.

மூலத் தரவு கல்லூரிகிட்டயும் ஒரு படி இருக்கணும்னு ஒப்பந்தத்துல எழுதுங்க. கம்பெனியோட டாஷ்போர்டுல மட்டும் தரவு இருந்தா, சந்தா முடிஞ்ச அன்னைக்கு உங்க ஆராய்ச்சியும் முடிஞ்சிரும்.

பொருநைக்கரை

முதல் தாளை எழுதிட்டேன்: கேள்வி ஒண்ணு, தூரம், உசரம், 95 சதவீதம், ரெண்டு பருவம். மூலத் தரவு, 30 நாள் பதில், உதிரி 4 நோடு மூணையும் சேத்து கம்பெனிக்கு அனுப்பியாச்சு. நடவு வைகாசி. ஒரு நோடை நடாம கல்லூரி மாடியிலயே வைக்கலாமா?

தேரிமணல்

வைக்கத்தான் வேணும். கேட்வேக்கு நேரா, இலை தழை எதுவும் குறுக்க வராத எடமாப் பாத்து. காட்டுல இருக்குறதும் மாடியில இருக்குறதும் ஒரே நாள்ல சேந்து இறங்குச்சுன்னா, வாழையைப் பாக்க வேண்டாம், கேட்வே கனெக்டரைக் கழட்டிப் பாருங்க.